கிடைக்குப் போன சோறு

6-5-1971, வியாழன்

இன்று ஒரு சிறு பிழை செய்தேன். கிடைக்குச் சோறு கொண்டுபோகிற வேலையில். சிறு பிழை என்று எழுதும்போதே இடது காது இரைகிறது. அண்ணன் அறைந்த காது. அவனுக்கு அது சிறிதாகப் படவில்லை. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்த்தால் எனக்கும் விளங்கலாம்.

பரீட்சை போன வாரம் முடிந்தது. மாயவரத்தில் பகலில் நெல் மண்டியில் எடை பார்க்கிறேன், மாலையில் கல்லூரி. கோடையில் மண்டிக்கு நெல் வரத்து இல்லை என்று முதலாளியும் அனுப்பிவிட்டார். ஊருக்கு வந்த நாள்முதல் உட்கார நேரமில்லை. கூரைக்குக் கீற்று மாற்றினேன். எருக்குழியை வெட்டி வண்டியில் ஏற்றினேன். எங்கள் வாய்க்காலில் தூர் வார நின்றேன். லீவில் படிக்கலாம் என்று கட்டி எடுத்து வந்த புத்தகங்கள் கட்டிய கயிற்றோடு கிடக்கின்றன.

இதற்கிடையில் எங்கள் வயலில் ஆட்டுக்கிடை. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கோடைக்கு ஆடு ஓட்டி வரும் காத்தான் என்பவரை அப்பா போய்ப் பேசி அழைத்து வந்தார். ஆடுகள் பகலில் மேயும். இரவில் வயலில் வலை கட்டி அடைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். ஒவ்வொரு நாளும் வலையைக் கொஞ்சம் தள்ளிக் கட்டி வயல் முழுவதும் சுற்றி வருவார்கள். இன்றிலிருந்து ஞாயிறு வரை எங்கள் நாலு மா நிலத்துக்கு.

எங்கள் நாலு மா என்கிறேன். நிலம் பஞ்சநதம் பண்ணையுடையது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்பா குத்தகைக்குச் சாகுபடி செய்கிறார். குத்தகைக்காரன் பெயரைச் சர்க்கார் பதிந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. பதிந்துவிட்டால் எளிதில் வெளியேற்ற முடியாது. எங்கள் ஊருக்கு வருகிற திங்கட்கிழமைதான் அதிகாரி வருகிறார். வயலில் நின்று, இதை யார் சாகுபடி செய்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தாரைக் கேட்பார். அப்பாவைக் காட்டி, வீரையன் என் கூலியாள், நிலம் என் சொந்தச் சாகுபடி என்று பண்ணை சொல்லி வருகிறது. அப்பாவிடம் ரசீது கிடையாது. அக்கம்பக்கத்தார் சொல்லும் வாய்ச்சொல்தான் எங்களுக்கு இருப்பது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் பண்ணையில் வேலை பார்ப்பவர்கள். ஆனாலும் சாமிக்குப் பயந்தவர்கள், வயலில் நின்று பொய் சொல்ல மாட்டார்கள் என்று அப்பா நம்புகிறார்.

கிடைக்காரர்களுக்கு ராச்சோறு போடுவது வயல்காரர் வீட்டுப் பொறுப்பு. அசலூர்க்காரர்களான அவர்களுக்கு எந்த வயல் யாருடையது என்று எப்படித் தெரியும்? சோறு எந்த வீட்டிலிருந்து வருகிறதோ அந்த வீட்டு வயல், அவ்வளவுதான். ஊரும் அப்படியே பேசும்.

இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் செய்தேன். சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பும்போது மதகடியில் பண்ணையின் காரியக்காரர் இராஜாங்கம் நிறுத்தினார். பண்ணை வீட்டில் பூசையாம், சோறு மிஞ்சிவிட்டதாம். கிடைக்காரர்களும் சாப்பிடட்டும், ஒருநாள் உன் அம்மாவுக்கும் அடுப்படி வேலை மிச்சம் என்றார். அம்மா பகல் முழுக்க வெயிலில் கீற்றெடுத்துக் கொடுத்துவிட்டுத் தலைவலியோடு படுத்திருந்தாள். அது நினைவுக்கு வந்தது. பித்தளைத் தவலையைச் சைக்கிள் கேரியரில் வைத்து டியூபால் இறுகக் கட்டி நானே கொண்டுபோய் இறக்கினேன். இன்று உலை வைக்க வேண்டாம் என்று அம்மாவுக்குச் சொல்லியும் அனுப்பினேன். அதில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

அண்ணன் சாமிதுரை விவசாயிகள் சங்கக் கூட்டம் முடிந்து வயல் வழியே வந்திருக்கிறான். கிடைக்காரர்கள் பண்ணைத் தவலையைக் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறான். வீட்டுக்குள் வந்ததும் ஒன்றும் கேட்காமல் அறைந்தான். விழுந்த இடத்தில் உரல். நெற்றியும் கிழிந்தது. எழுந்தபோது மறுபடி அறைய வந்தவனை அம்மா குறுக்கே விழுந்து பிடித்தாள். அப்பா திரித்துக்கொண்டிருந்த கயிற்றைக் கீழே வைக்கவில்லை.

“பொய் சொல்ல பயப்படுறவனுக்கெல்லாம் நெசமா சொல்றதுக்கு ஒண்ணு செஞ்சு குடுத்துட்டு வந்திருக்கியேடா” என்றான் அண்ணன். “பண்ணை சோறுதான் கிடைக்குப் போச்சுன்னு சொல்லுவான். யாரு கொண்டு போனான்னு கேட்டா வீரையன் மவன்னு சொல்லுவான். அதுவும் நெசம்தான்.”

எழுதிவிட்டேன். சிறிதா பெரிதா என்று இன்னும் தெரியவில்லை.

நாளை: மிச்சக் கீற்றை முடிக்க வேண்டும். பொழுதிருக்கவே எங்கள் வீட்டுச் சோறு கிடைக்குப் போக வேண்டும். அண்ணனும் நானும்.

7-5-1971, வெள்ளி

இன்று எழுத்து சரியாக வராது.

காலையில் டீக்கடையில் பேச்சு அதுதான். நான் போனதும் நிறுத்திக்கொண்டார்கள். வைரக்கண்ணு என்கிற பண்ணை வண்டிக்காரர் மட்டும், காலேசு படிச்சா சோறு சுமக்கக்கூடச் சொல்லித் தருவாங்களா தம்பி என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை.

மத்தியானமே அம்மா உலை வைத்தாள். அலுமினியக் குண்டானில் சோறு, தூக்குச் சட்டியில் கருவாட்டுக் குழம்பு. குண்டானை அண்ணன் தலையில் வைத்துக்கொண்டான். குழம்பு என் கையில். ஊருக்கும் எங்கள் வயலுக்கும் நடுவே பெரிய வாய்க்கால். அதைக் கடக்க மதகு ஒன்றுதான் பாதை. மதகின் மேல் பண்ணை ஆட்கள் மூன்று பேர் தடியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் துரைக்கண்ணு. எட்டாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். இராஜாங்கம் தள்ளிப் பூவரச நிழலில் குடையை ஊன்றி நின்றார்.

கிடைக்கு நேற்றே பண்ணைச் சோறு போய்விட்டது, இன்றும் போகும், வீணாக எதற்குச் சுமக்கிறீர்கள் என்று அவர் நிதானமாகக் கேட்டார். என்னைப் பார்த்து, “நீதான தம்பி கொண்டு போன, அண்ணங்கிட்ட சொல்லலியா?” என்றார். அண்ணன் நடையை நிறுத்தவில்லை. மதகில் கால் வைத்தான்.

முதல் அடி குண்டானுக்கு விழுந்தது. இரண்டாவது அவன் முழங்கைக்கு மேலே. எலும்பு உடைகிற சத்தம் கேட்கும் என்று நான் நினைத்ததில்லை. காய்ந்த மூங்கிலை முழங்காலில் வைத்து ஒடிப்பது போலவே இருந்தது. குண்டான் மதகிலிருந்து உருண்டு வாய்க்காலுக்குள் விழுந்தது. தண்ணீர் இல்லாத வாய்க்கால். மணல் மேல் சோறு வெள்ளையாகக் கொட்டிக் கிடந்தது. அண்ணன் ஒரு கையால் ஒருவனுடைய குடுமியைப் பிடித்து மதகுச் சுவரில் மோதினான். இன்னொருவன் அண்ணன் முதுகில் அடித்தான். அண்ணன் விழுந்தான். விழுந்தவன் விலாவில் மிதித்தார்கள். வாயிலிருந்து ரத்தமும் மண்ணும் சேர்ந்து வந்தது.

நான் குழம்புச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதை எழுதாமல் விடலாம். எழுதுகிறேன். நின்றேன். பிறகு சட்டியைக் கீழே, சிந்தாதபடி, ஒரு கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன். தூர் வார வந்தவர்கள் கரையில் போட்டிருந்த மண்வெட்டிகளில் ஒன்றை எடுத்தேன். இரும்பு இலைப் பக்கத்தைக் கையில் பிடித்துக் காம்பால் துரைக்கண்ணுவின் தலையில் அடித்தேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். ஆச்சரியமாகத்தான் பார்த்தான். மறுபடி அடித்தேன். அவன் உட்கார்ந்த பிறகும் அடித்தேன். காதுக்கு மேலே தோல் பிளந்து தொங்கியது. மண்டியில் மூட்டையைக்கூட எண்ணாமல் தொட மாட்டேன். எத்தனை அடி அடித்தேன் என்று எனக்குத் தெரியாது.

மண்வெட்டியைப் பிடுங்கியது இராஜாங்கம். அவர் முகத்தில் அப்போதுதான் பயத்தைப் பார்த்தேன். அவர்கள் துரைக்கண்ணுவைத் தூக்கிக்கொண்டு ஒரு பக்கம் போனார்கள். நான் அண்ணனைத் தோளில் தாங்கிக்கொண்டு இன்னொரு பக்கம் வந்தேன். அவன் கை தனியாக ஆடியது. வழியெல்லாம் அவன் கேட்டது ஒன்றே ஒன்று, குழம்பாவது மிச்சமிருக்கிறதா என்று. சட்டியை நான் எடுத்து வரவில்லை.

அப்பா மூங்கில் சிம்பு வைத்துக் கையைக் கட்டினார். அண்ணன் துண்டைக் கடித்துக்கொண்டான். துண்டு கிழிந்தது.

இன்று கிடைக்கு எங்கள் சோறு போகவில்லை. பண்ணைச் சோறு வண்டியில் போயிருக்கிறது. காத்தான் அதையும் வாங்கவில்லையாம். இரண்டு வீட்டுச் சண்டையில் எங்களுக்கு என்ன என்று சொல்லிக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சிக் குடித்தார்களாம். அடுத்த கோடைக்கும் அவர் இந்தப் பக்கம்தான் வர வேண்டும். பண்ணை வயல்கள்தான் இங்கே அதிகம். அவரைக் குறை சொல்ல முடியவில்லை.

நாளை: அண்ணனைக் குத்தாலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வண்டி கேட்க வேண்டும். சோறு.

8-5-1971, சனி

வண்டி கேட்கத் தேவைப்படவில்லை. விடியும்போதே போலீஸ் ஜீப் வந்தது. முன்னால் பண்ணையின் கார். தேர்தலுக்குப் பிறகு அதில் கருப்பு சிவப்புக் கொடி. அதற்கு முன்பு வேறு கொடி. கார் மட்டும் அதே கார்.

துரைக்கண்ணுவைத் தலையில் அடித்துக் கொல்லப் பார்த்ததாகப் புகார். அடித்தவன் சாமிதுரை என்று எழுதியிருந்தார்கள். சங்கத்தில் இருப்பவன் அவன்தானே. படிக்கிற பையன் அடித்தான் என்றால் யார் நம்புவார்கள் என்று இராஜாங்கம் நினைத்திருக்கலாம். அல்லது நான் வெளியே இருந்தால் ஆபத்தில்லை என்று நினைத்திருக்கலாம். இரண்டாவதுதான் எனக்கு வலித்தது.

நான் முன்னால் போனேன். வாயைத் திறப்பதற்குள் அண்ணன் என் காலை மிதித்தான். கட்டுப் போட்ட கையோடு அவனே ஜீப்பில் ஏறினான். ஏறும்போது குனிந்து என் காதில், அறைந்த அதே காதில், சொன்னான்:

“கையொடிஞ்சவன் உள்ள இருந்தா என்ன, வெளிய இருந்தா என்ன. சோறு தூக்க ஆளு வேணும்டா.”

கான்ஸ்டபிள் என்ன பேச்சு என்று அவன் ஒடிந்த கையிலேயே லத்தியால் தட்டினார். அண்ணன் கத்தவில்லை. அம்மா கத்தினாள்.

அவனை ஆஸ்பத்திரியில் காவலோடு வைத்திருக்கிறார்கள். துரைக்கண்ணுவும் அதே வராந்தாவில்தான். பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர் சொன்னாராம். அப்பா போய் வந்து சொன்னார். துரைக்கண்ணுவின் தாய் நாகம்மாள் அப்பாவின் முன்னால் மண்ணை வாரித் தூற்றி, உன் பெரியவன் கை அழுகிப் போக என்றாளாம். அவள் சாபம் ஆள் மாறிப் போகிறது. அப்பாவுக்கும் அது தெரியும். என் கையைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பகலில் யோசித்தேன். மதகு வழியே போனால் குண்டான் தாண்டாது. ஆனால் வாய்க்கால்கள் எல்லாம் வறண்டு கிடக்கின்றன. எங்கள் வாய்க்காலில் நானே தூர் வாரியிருக்கிறேன். உள்ளே குனிந்து நடந்தால் கரைமேல் நிற்பவனுக்குத் தலை தெரியாது. அது பெரிய வாய்க்காலில் சேருகிற இடத்திலிருந்து, மதகுக்குக் கீழேயே போகாமல், சிறு கண்ணி வாய்க்கால் ஒன்று எங்கள் வயல் மூலைக்கு ஏறுகிறது. இதை ஒரு தாளில் வரைந்தும் பார்த்தேன். வரைந்தது சரியாகவே இருந்தது. கரைமேல் நாய் இருக்கும் என்பதை வரையவில்லை.

வெயில் இறங்குவதற்குள் கிளம்பினேன். குண்டான் வாயை அம்மா தன் பழைய புடவைத் துணியால் மூடிக் கட்டியிருந்தாள். பாதித் தூரம் ஒன்றும் ஆகவில்லை. பண்ணை நாய் சோற்று வாசனைக்குக் கரையோடு கூடவே ஓடி வந்து குரைத்தது. மேலே ஆட்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. கண்ணி வாய்க்காலில் ஏறுவதற்குள் இரண்டு பேர் குதித்துவிட்டார்கள்.

நான் திருப்பி அடிக்கவில்லை. நல்லவன் என்பதால் அல்ல. குண்டானை விட்டால்தான் அடிக்க முடியும். அதன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். முதுகிலும் தொடையிலும் அடித்தார்கள். ஒருவன் தலைமுடியைப் பிடித்து இழுத்து முகத்தை மணலில் தேய்த்தான். உதடு பிளந்தது. முன்பல் ஒன்று ஆடுகிறது. சுடுசோற்றின் சூடு துணி வழியாக என் வயிற்றைப் பொசுக்கியது. விடவில்லை. அவர்கள் மூச்சு வாங்கி நின்றபோது குண்டானைக் கட்டிக்கொண்டு எழுந்து ஓடினேன். பிடித்து மறுபடி தள்ளினார்கள். மறுபடி எழுந்தேன். வயல் வரப்பு வந்துவிட்டது.

காத்தான் அப்போது வலைக்கு முளை அடித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஆட்கள் மேய்ச்சலிலிருந்து ஆட்டை ஓட்டி வந்துகொண்டிருந்தார்கள். வீரையன் வீட்டுச் சோறு என்று சொல்லிக் குண்டானை அவர் முன்னால் வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், பின்னால் வருபவர்களைப் பார்த்தார், இராஜாங்கம் வரப்பில் குடையோடு வேகமாக வருவதையும் பார்த்தார். சோற்றைத் தொடவில்லை. எடுத்துக்கொண்டு போய்விடு தம்பி, நான் பொழைக்க வந்தவன் என்றார். கெஞ்சுவது போலத்தான் சொன்னார்.

அத்தோடு எல்லாம் முடிந்திருக்கும். இராஜாங்கம் பேசாமல் திரும்பியிருந்தால் ஜெயித்திருப்பார். அவருக்குப் போதவில்லை. காத்தான் சோற்றை மறுத்தது அவர் காதில் விழவில்லையோ, அல்லது நேற்று பண்ணைச் சோற்றை மறுத்த கோபமோ, வந்த வேகத்தில், எவன் சோறுன்னு புரியிற மாதிரி சொல்லுங்கடா என்று தன் ஆட்களிடம் சொன்னார். என்னை அடித்தவர்களில் ஒருவன் அரிவாளை எடுத்து வலையை அறுத்தான். உள்ளே வந்து சேர்ந்திருந்த ஆடுகள் மிரண்டு சிதறின. அவன் கைக்கெட்டிய கிடாயின் பின்னங்காலில் ஒரே வெட்டு. கொம்பில் மணி கட்டிய, மந்தைக்கு முன்னால் நடக்கிற கிடா. அது மூன்று காலில் நின்று காத்தானைப் பார்த்துக் கத்தியது. இரண்டாம் வெட்டு கழுத்தில். ரத்தம் என் முகம்வரை தெறித்தது.

 பிறகு காத்தானின் ஆட்கள் தழை வெட்டும் தொரட்டிகளோடு வந்தார்கள். நீண்ட மூங்கிலின் நுனியில் வளைந்த கத்தி. அவர்கள் கத்தவோ திட்டவோ இல்லை. காய்ப்புக் கிளையை இழுப்பது போல அரிவாள்காரனின் தோளில் மாட்டி இழுத்தார்கள். சதை கிழிந்து விழுந்தான். இன்னொருவனைக் கம்பால் முழங்காலுக்குக் கீழே அடித்துச் சாய்த்தார்கள். இராஜாங்கம் குடையை விரித்துத் தன் முன்னால் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார். தொரட்டி குடைத் துணியை மேலிருந்து கீழ்வரை கிழித்தது. அந்தக் கிழிசல் வழியாக அவர் கண்கள் தெரிந்தன. அப்போது என் கையிலும் ஒரு முளைக்குச்சி இருந்தது. எப்போது எடுத்தேன்? நல்லவேளை, அது யாரையும் தொடுவதற்குள் அவர்கள் விழுந்தவர்களை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மதகுப்பக்கத்தில் பண்ணை வேலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஆண்களும் பெண்களும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வைரக்கண்ணுவும் வண்டியை நிறுத்தியிருந்தார். அவர்களைப் பார்த்துத்தான் காத்தான் சொன்னார். குரல் உயரவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது:

“இது வீரையன் வீட்டுக் கிடை. என்னைக் கூப்புட்டது அவரு. சோறு போடுறது அவரு வீடு. யாரு வந்து கேட்டாலும் இதான்.”

நியாயத்துக்காக அவர் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். கிடா சாகாமல் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார். அதனால் அந்தச் சொல்லின் மதிப்பு குறையுமா? குறையாது என்றுதான் நினைக்கிறேன். நிச்சயமில்லை.

கிடாயை அங்கேயே உரித்துச் சமைத்தார்கள். எங்கள் சோறு, அவர்கள் கறி. என்னையும் உட்கார வைத்தார்கள். பிளந்த உதட்டில் மிளகாய் பட்டு எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததைக் காத்தான் பார்த்துவிட்டு, அழாம தின்னு தம்பி, எட்டு வருசம் வளத்த கிடா, நானே அழல என்றார். அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மதகுப்பக்கத்திலிருந்து வந்திருந்த ஊர்க்காரர் நாலு பேர் கண்ணெதிரே குண்டான் காலியானது.

அம்மா முதுகில் வேப்பெண்ணெய் தடவினாள். அப்பா கிடைக்குத் துணையாக வயலிலேயே படுக்கப் போயிருக்கிறார். துரைக்கண்ணுவை அடித்தது நான்தான் என்று வெளியே யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமை அதிகாரி வந்து போகட்டும். பிறகு ஸ்டேஷனில் நானே சொல்ல வேண்டும். இப்போது எழுதுகிற இந்த உறுதி அன்று இருக்குமா தெரியவில்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

நாளை: காலையில் ஆஸ்பத்திரியில் அண்ணனுக்குக் கஞ்சி. அறுந்த வலையை முடியக் காத்தானுக்குக் கயிறு. பொழுது சாய்வதற்குள் கிடைக்குச் சோறு, கடைசி நாள். வாய்க்கால் வழியாக அல்ல, மதகு மேலே.